சின்ன மெஷினும் எவர்சில்வரும்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

சேத்துப்பட்டு
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் வரத்து ஆரம்பித்துவிட்டது. மூட்டை வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பதால் கடைவீதிக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருக்கிறது.

நீ ஓசூரில் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கியதையும், அதற்கு முதல் பலி ஜல்லிக்கரண்டி என்பதையும் அக்கா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கைப்பிடி ஒட்டவில்லை, ஜல்லியில் ஒரு கண் கூடிவிட்டதாம். எவர்சில்வரை, அதாவது எஸ்எஸ்ஸை, எப்படிப் பற்றவைப்பது என்ற உன் கேள்விக்குப் போனில் பதில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கரண்டியை விட்டுவிடு. அந்தத் தகடு ஒரு மில்லிகூட இருக்காது. அதற்கு எஸ்எஸ் ரிவெட் அடி, இல்லாவிட்டால் ஆர்கான் வெல்டிங் கடையில் கொடு. 18 கேஜ், அதாவது 1.2 மில்லியும் அதற்கு மேலும் என்றால் நம் மெஷினோடு தைரியமாக உட்காரலாம். அதற்குக் கீழே ராடு வைத்து வீரம் காட்டுவதில் லாபம் ஒன்றுமில்லை.

எஸ்எஸ் ஏன் இப்படிப் படுத்துகிறது தெரியுமா? இரும்பு வாங்கிய சூட்டைச் சுற்றிலும் கடத்திவிடும். எஸ்எஸ் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும், மீதி விழுந்த இடத்திலேயே தேங்கும். போதாததற்கு இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். அதனால் ஓட்டை விழும், அல்லது முறுக்கிக்கொள்ளும். ராடும் அதே ஜாதிதான். உள்கம்பி கரண்ட்டை அவ்வளவு லேசில் விடாது. ஆம்ப்ஸைக் கூட்டினால் பாதி ராடு எரிவதற்குள் மீதி சிவந்து, மேல்பூச்சு பொலபொலவென்று உதிரும்.

நீ போட்டது எந்த ராடு என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் கிடந்த 6013 இரும்பு ராடு என்றால் இனி அதைத் தொடாதே. ஒட்டின மாதிரி இருக்கும், பிறகு துருப்பிடிக்கும், கீறலும் விடும். கடையில் 308எல்-16 என்று கேள். 304, 202 ரக எஸ்எஸ்ஸுக்கு அதுவே போதும். எஸ்எஸ்ஸை இரும்போடு சேர்ப்பதற்கு மட்டும் 309எல். தடிமன் 2 மில்லி. கடைக்காரர் "2.5தான் இருக்கு, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்பார், மயங்காதே. ராடு பிளஸ்ஸில், எர்த் மைனஸில். 40 ஆம்ப்ஸில் ஆரம்பித்து, பிடிக்காவிட்டால் ஐந்தைந்தாக ஏற்று.

இன்னொன்று. இந்தச் சின்ன மெஷின்களில் பலவும் ஆர்க் பிடிக்கும் நொடியில் தானாகவே கரண்ட்டைக் கூட்டிக் கொடுக்கும். தடித்த இரும்புக்கு அது நல்லது, மெல்லிய தகட்டில் அந்த நொடிதான் ஓட்டை போடும். அதனால் பக்கத்தில் ஒரு எஸ்எஸ் துண்டை ஒட்டினாற்போல் வைத்து, ஆர்க்கை அதில் பிடித்து, வேலைக்கு நகர்த்து. கோடு இழுக்க ஆசைப்படாதே. புள்ளி வை, கையை எடு, சிவப்பு அடங்கட்டும், அடுத்த புள்ளியை முந்தினதில் பாதி ஏறுகிற மாதிரி வை. கசடைத் தட்டாமல் மேலே வைத்தால் அது உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆறும்போது கசடு தானாகவே தெறித்துக் கண்ணுக்கு வரும். ஹெல்மெட்டைத் தூக்கினாலும் உள்ளே கண்ணாடி இருக்கட்டும்.

அடியில் ஒரு செம்புத் தகடு வைத்துக்கொள். நம் பட்டறையில் இருப்பது பழைய சாய அண்டாவிலிருந்து வெட்டியது. சூட்டை வாங்கிக்கொள்ளும், உருகினது அதில் ஒட்டாது. ஆனால் ஆர்க் நேராகச் செம்பில் படக்கூடாது. செம்பு உருகி எஸ்எஸ்ஸுக்குள் இறங்கினால் அந்த இடம் வெடிப்பு விடும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் இதற்கு மேலும் வேலை இருக்கிறது. சாயப்பட்டறைக்காரர் பட்டுச் சிட்டம் மாட்டுகிற எஸ்எஸ் குழாயைக் கொண்டுவந்தால், பற்று எவ்வளவு பலம் என்று கேட்கமாட்டார். பையிலிருந்து ஒரு கழிவு இழையை எடுத்து, பற்றவைத்த இடத்தின்மேல் போட்டு, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுப்பார். எங்கேயாவது சிக்கினால் அந்த இடத்தில் இழை பிசிறும். நகத்தால் ஒரு கீறல் போட்டு, பேசாமல் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். குழாய் தொடப்போவது பட்டை என்றால் பரீட்சை வைப்பதும் பட்டுதான். அதில் தேறுகிறவரை தேய்க்க வேண்டும்.

தேய்க்கிற வீல் இதுவரை இரும்பைத் தொடாததாக இருக்கட்டும், பிரஷ்ஷும் எஸ்எஸ் கம்பி பிரஷ்ஷே. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டால் எஸ்எஸ்ஸின் மேலேயே துரு பூக்கும். அது சாயத்தொட்டியில் இறங்கினால் ரோஸ், மஞ்சள் மாதிரி வெளிர் நிறங்கள் மங்கிப்போகும், கறையும் விழும். பற்றின் ஓரத்தில் வரும் நீலம், கருப்பு எல்லாம் போகத் தேய்த்து, வெந்நீரில் எலுமிச்சை உப்பு கரைத்து ஊறவை. பிறகு ஈர வெள்ளைத் துணியைச் சுற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் துணியில் டீக்கறை மாதிரி புள்ளி தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். பிக்லிங் பேஸ்ட் என்று ஒன்று விற்கிறார்கள், அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது. வீட்டுக்குள் வரவே கூடாது.

தொடக்கூடாத சாமான் இன்னும் இரண்டு உண்டு. தறியின் அச்சுப்பல் உடைந்தது என்று யாராவது கொண்டுவந்தால் கும்பிடு போட்டு அச்சு கட்டுகிறவரிடம் அனுப்பிவிடு. அந்தக் கம்பிக்கு ஆர்க்கைக் காட்டினாலே காணாமல் போய்விடும். மற்றது கத்தி, கத்தரி. காந்தம் நன்றாக இழுத்துப் பிடித்தால் அது பதம் ஏற்றிய எஸ்எஸ், பற்றவைத்தால் பதம் போகும், பக்கத்திலேயே வெடிக்கும். 304கூட வளைத்த இடத்தில் லேசாகக் காந்தத்துக்கு ஒட்டும், அதைப் பார்த்துக் குழம்பாதே.

புகை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. எஸ்எஸ் புகையில் வீரியமான குரோமியம் வருகிறது. வெல்டிங் புகையையே புற்றுநோய் தருவதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017ல் வகைப்படுத்திவிட்டது. பிளாட் பால்கனியில் வேலை செய்யாதே. மொட்டைமாடிக்குப் போ, காற்று பக்கவாட்டில் வீசட்டும், மாஸ்க்கும் போடு. முறையாகக் கற்க ஆசை இருந்தால் திருச்சி பெல்லில் 1975ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி நடத்துகிறது, லீவு கிடைக்குமா பார்.

பொங்கலுக்கு வரும்போது மெஷினையும் எடுத்து வா. பின்தெரு சாயப்பட்டறைக் குழாய்கள் நம் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. பெரிய மெஷினில் அவ்வளவு கம்மியாகக் கரண்ட் வைக்க முடியவில்லை. 2 மில்லி ராடு இங்கே கிடைப்பது சிரமம், ஓசூரிலேயே ஒரு பாக்கெட் வாங்கி, ஈரம் படாமல், பிரிக்காமல் கொண்டு வா. பஸ்ஸில் மெஷினை மேல்தட்டில் போடாதே, காலடியில் வைத்துக்கொள். வேலூர் தாண்டினதும் போன் பண்ணு, ஆரணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா