அக்கா பாரிஸுக்குப் போகுமுன்

ஏப்ரல் 12

அக்காவுக்கும் அத்தானுக்கும் விசா வந்துவிட்டது. ஜூன் நடுவில் கிளம்புகிறார்கள். முதலில் பாரிஸ், பிறகு ரயிலில் மார்செய். இரவு போனில் அக்கா, "போறதுக்கு முன்னாடி பாக்க நாலு பிரெஞ்சுப் படம் சொல்லுடா, ஊர் கொஞ்சம் பிடிபடட்டும்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் 'அமெலி' பார்க்கச் சொல்லியிருக்கிறாளாம். ழான்-பியேர் ழெனே 2001-ல் எடுத்த படம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் இருப்பது சுவர்க் கிறுக்கல்களைக் கணினியில் துடைத்தெடுத்த மோன்மார்த்ர். அந்தத் தேன் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போய் இறங்கினால் நிஜத் தெரு ஏமாற்றமாகத் தெரியும். திரும்பி வந்து பார்த்துக்கொள் என்றேன்.

பாரிஸை நான் திரையில் மட்டுமே அறிந்தவன். அதனாலேயே இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். கோபுரத்தையும் பாலத்தையும் காட்ட ஒரு நாள்காட்டி போதும். அங்குள்ளவர்கள் எப்படி நடக்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் எவ்வளவு நேரம் உட்கார்கிறார்கள், தனியாக இருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதை அறியத்தான் படம் வேண்டும்.

ஏப்ரல் 19

முதல் பாடம் 'சிவப்பு பலூன்'. அல்பேர் லமோரிஸ் 1956-ல் எடுத்தது, 34 நிமிடம். பேச்சு மிகக் குறைவு, சப்டைட்டிலுக்குப் பழக வேண்டிய கவலையே இல்லை. பேத்தியையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள் அக்கா. பள்ளிக்குப் போகும் பையன் பின்னாலேயே ஒரு பலூன் வருகிறது, அவ்வளவுதான் கதை. சாம்பல் நிறச் சுவர்கள், ஈரமான படிக்கட்டுகள், அதற்கு நடுவே அந்த ஒரே சிவப்பு. படம் எடுத்த மேனில்மோன்தான், பெல்வீல் பகுதிகளில் பல வீடுகள் பின்னால் இடிக்கப்பட்டுவிட்டன. பெல்வீல் மேட்டில் இப்போது பூங்கா இருக்கிறது. அங்கிருந்து ஊர் முழுவதும் தெரியும், கூட்டமும் குறைவு என்று படித்திருக்கிறேன். அத்தான் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 27

இன்று 'க்ளியோ, ஐந்திலிருந்து ஏழு வரை'. ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன். ஆக்னெஸ் வர்தா 1962-ல் வெளியிட்ட படம். க்ளியோ ஒரு பாடகி. புற்றுநோயா இல்லையா என்ற பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறாள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் கதை ஆறரைக்கு முடிகிறது, படமும் ஒன்றரை மணி நேரம்தான். அவள் டாக்சியில் போகும் நேரம் நாமும் டாக்சியில் போகிறோம், அவள் படியிறங்கும் நேரம் நாமும் இறங்குகிறோம். சீட்டு ஜோசியம் பார்க்கும் தொடக்கம் மட்டும் வண்ணத்தில், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

முதல் பாதியில் எல்லோரும் க்ளியோவைப் பார்க்கிறார்கள். ரிவோலி தெருவில் தொப்பிக் கடைக் கண்ணாடி முழுக்க அவள் முகம்தான். பாதியில் சவுரியைக் கழற்றி வைத்துவிட்டு, கறுப்பு உடை உடுத்தித் தனியே தெருவில் இறங்குகிறாள். அதற்குப் பிறகு அவள்தான் மற்றவர்களைப் பார்க்கிறாள். மோன்பர்னாஸில் 'தோம்' காப்பிக் கடைக்குள் போய், காசு போட்டால் பாடும் பெட்டியில் தன் பாட்டையே ஓடவிட்டு மேசைகளுக்கிடையே நடக்கிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் பேச்சு, அவரவர் காப்பி. ஒரு பெரிய நகரம் மனிதரைக் கைவிடுவதையும் விடுவிப்பதையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். படம் முடிந்ததும் பாரிஸ் வரைபடத்தை விரித்துவிட்டாள். ரிவோலி தெரு, ஆற்றைத் தாண்டி மோன்பர்னாஸ், அங்கிருந்து தெற்கே மோன்சூரி பூங்கா. அங்கேதான் அல்ஜீரியப் போருக்குத் திரும்ப வேண்டிய சிப்பாயைக் க்ளியோ சந்திக்கிறாள். பிறகு இருவரும் 67-ஆம் எண் பேருந்தின் பின்பக்கத்தில் நின்றபடி சால்பெத்ரியேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். கதை நடப்பது ஜூன் 21, கோடையின் முதல் நாள். அன்றைக்கு அக்கா பாரிஸில் இருப்பாள்! 1982 முதல் அந்த நாள் அங்கே இசைத் திருவிழாவும்கூட, தெருவுக்குத் தெரு பாட்டு. சூரியன் மறைய ஏறக்குறைய பத்து மணி ஆகிவிடும். மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு அந்தப் பூங்கா வரை போய் வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 5

அக்கா முட்டைகூடத் தொடமாட்டாள். அதனால் எரிக் ரோமரின் 'பச்சைக் கதிர்'. 1986-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. கோடை விடுமுறைக்குத் துணை கிடைக்காமல் ஊர் ஊராக அலையும் டெல்ஃபின் சைவம். ஷெர்பூரில் தோட்டத்தில் மேசை போட்டுச் சாப்பிடும் காட்சியை அக்கா இரண்டாம் முறையும் ஓடவிட்டாள். இறைச்சித் தட்டு நீள்கிறது, டெல்ஃபின் வேண்டாம் என்கிறாள். உடனே சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: ஏன், எதற்கு, அதுவுமா கூடாது? யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவளும் சளைக்காமல் விளக்கப் பார்க்கிறாள், சொல்லச் சொல்லச் சிக்கலாகிறது. வசனத்தில் பெரும்பகுதி நடிகர்கள் அப்போதைக்கப்போது பேசியது. அதனால்தான் இவ்வளவு நிஜம். "அங்க போனா எனக்கும் இந்தக் கேள்வி வரும், இல்லையா?" என்றாள் அக்கா. வரும். ஆனால் வாக்குவாதத்தை அங்கே விருந்தின் பாகமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது இந்தக் காட்சியில் தெரிகிறதே. கேட்பவர் மேல் வருத்தப்படாமல் இருக்க இது உதவும்.

மே 9

அத்தான் 'ப்ளேடைம்' (1967) கேட்டார். போனில் பார்க்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ழாக் தாத்தி 70 மி.மீ. படச்சுருளில், கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த ஒரு நகரத்தையே செட்டாகப் போட்டு எடுத்துக் கடனில் மூழ்கிய படம். ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஊர் சுற்ற வந்த பெண் ஒரு கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது அதில் ஈஃபில் கோபுரம் ஒரு நொடி பிரதிபலித்து மறைகிறது. சுற்றுலாவைப் பற்றி எடுத்த படங்களில் இதுவே எனக்கு முதன்மையானது. பெரிய திரையில் வாய்த்தால் மட்டும் பார்க்கட்டும்.

மே 16

'தீபன்' சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிட்டேன். ழாக் ஓதியார் இயக்கி 2015-ல் கானில் தங்கப் பனை வாங்கிய படம். பெரும்பகுதி தமிழில்தான் பேசுகிறார்கள். போராளியாக இருந்து பிரான்சில் தஞ்சம் புகுந்த எழுத்தாளர் ஷோபாசக்தி தீபனாக நடித்திருக்கிறார், சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாக. முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் ஒரே குடும்பம் என்று சொல்லிப் பிரான்சுக்குள் வருகிறார்கள்.

தொடக்கத்தில் இருட்டில் சில வண்ண விளக்குகள் அசைந்து அசைந்து நெருங்கி வரும். கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது, தலையில் மினுக்கும் பொம்மைப் பட்டை மாட்டிக்கொண்டு அதையே விற்கும் தீபன். கோபுரத்தடியில் சாவிவளையமும் மினுக்குப் பொம்மையும் விற்பவர்கள் அக்காவையும் சூழ்ந்துகொள்வார்கள். அப்போது முகத்தைப் பார்த்துப் பேச இந்தக் காட்சி போதும். கடைசியில் வரும் துப்பாக்கிச் சண்டை எனக்கு உடன்பாடில்லை. அதுவரை பொறுமையாகக் கட்டிய குடும்பத்தை அது அவசரமாகக் கலைத்துவிடுகிறது. இருந்தாலும் லா ஷப்பெல் பக்கம் போய்த் தமிழ்க் கடைகளில் காய்கறி வாங்குமுன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மே 24

தெற்கே போவதற்கு 'ழான் தெ ஃப்ளோரெத்', அதன் தொடர்ச்சி 'மனோன்'. இரண்டும் க்ளோத் பெரி இயக்கத்தில் 1986-ல் வந்தவை, மார்செல் பாஞோலின் கதை. நகரத்திலிருந்து குடும்பத்தோடு விவசாயம் செய்ய வருகிறான் கூன் விழுந்த ஒருவன். அவன் நிலத்தில் இருக்கும் ஊற்றை, நிலத்தை மலிவாகத் தட்டிப் பறிப்பதற்காக அண்டைக்காரர்கள் முன்பே அடைத்து மறைத்துவிட்டார்கள். ஊரில் பலருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. தொலைவிலிருந்து கழுதை மேல் தண்ணீர் சுமந்து அவன் பயிரைக் காப்பாற்றப் பார்ப்பதை அக்காவால் பார்க்க முடியவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டாள். மறுநாள் மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்டா" என்றாள். புரொவான்ஸ் என்றால் லாவெண்டர் வயல் என்று விளம்பரங்கள் காட்டுகின்றன. அந்த மண்ணின் தாகத்தை இந்த இரண்டு படங்கள் காட்டுகின்றன.

மார்செய்க்குப் பக்கத்தில்தான் லா சியோத்தா. லூமியேர் சகோதரர்கள் ரயில் வருவதைப் படம் பிடித்த நிலையம் அங்கே இருக்கிறது. அந்தப் படம் ஐம்பது நொடிதான், ரயிலில் போகும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 3

கடைசியாக க்ளேர் தெனியின் '35 ரம்' (2008). பாரிஸ் புறநகர் ரயில் ஓட்டும் கரீபிய வம்சாவளித் தந்தை, கல்லூரியில் படிக்கும் மகள். மகள் வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வருகிறாள். அதே நாள் அப்பாவும் ஒன்று வாங்கி வருகிறார். தான் வாங்கியதைக் காட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, அப்பா கொண்டுவந்ததில் சோறு வடிக்கிறாள். யாரும் எதுவும் விளக்குவதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த அத்தான் படம் முடியும்வரை பேசவே இல்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் இவர்கள் போகப்போவதும் அப்படியொரு புறநகர் ரயிலில்தான்.

ஜூன் 10

அங்கே போய்ப் பார்க்க என்ன என்று கேட்கிறாள் அக்கா. பிரான்சில் புதுப் படங்கள் வெளியாவது புதன்கிழமை. ஆனால் ஆங்கில சப்டைட்டில் எல்லா அரங்கிலும் இருக்காது. சொர்போன் அருகே ஷாம்போலியோன் என்று ஒரு குட்டித் தெரு இருக்கிறது, அதில் மட்டும் மூன்று பழைய திரையரங்குகள். பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். தாத்தி படம் எதுவாவது ஓடினால் தயங்காமல் டிக்கெட் எடுங்கள், அவர் படத்துக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை என்று எழுதி அனுப்பினேன்.