உண்ணியோடு ஒரு குடித்தனம்

தேனீயைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் அதன் சுறுசுறுப்பைப் பற்றியே சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திட்டுவதற்கு இவ்வளவு சௌகரியமான பிராணி வேறு கிடையாது. ஆனால் அதற்கும் நம்மைப்போல் வீட்டுக்குள்ளே ஒட்டிக்கொண்டு தின்னும் உறவு ஒன்று உண்டு என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அது ஓர் உண்ணி. அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்; நீளம் அதைவிடக் குறைவு. நண்டின் ஓட்டைப் போன்ற உடம்பு, செம்பழுப்பு நிறம். சின்னதுதானே என்று எண்ணிவிட வேண்டாம். தேனீயின் உடம்புக்கு இது, நம் முதுகில் ஒரு சாப்பாட்டு வட்டில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதற்குச் சமானம். 1904-இல் ஜாவாத் தீவுத் தேனீயிடம் கிடைத்த இந்த இனத்துக்கு ஔடமன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி 'வரோவா' என்று பெயர் வைத்தார். தேனீ வளர்ப்பைப் பற்றி எழுதிய வர்ரோ என்ற பழைய ரோமாபுரி ஆசிரியரின் ஞாபகார்த்தமாம். எழுத்தாளனுக்கு நினைவுச் சின்னம் எப்படியெல்லாம் அமைகிறது பாருங்கள்!

இது வேலை செய்யும் விதத்தில் ஒரு கதாசிரியனும் பொறாமைப்படக்கூடிய சாமர்த்தியம் இருக்கிறது. கூட்டின் அறையில் புழு வளர்ந்து, வேலைக்காரத் தேனீக்கள் மெழுகால் வாயை மூடப்போகும் தறுவாயில், தாய் உண்ணி உள்ளே நுழைந்துகொள்கிறது. கதவு சாத்தியபின் முட்டையிடுகிறது. குட்டிகள் அங்கேயே புழுவைத் தின்று, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, தேனீ வெளிவரும்போது அதன்மேல் சவாரி செய்துகொண்டு வந்துவிடுகின்றன. போதாததற்கு, சிறகைச் சுருட்டிவிடும் நச்சுக்கிருமி ஒன்றையும் பரப்புகின்றன.

இந்த உண்ணி ஆதியில் ஆசியாவின் அடுக்குத் தேனீயோடு, அதாவது நம் பொந்துத் தேனீயின் ஜாதியோடு, குடித்தனம் நடத்தி வந்தது. மேல்நாட்டுத் தேனீயைப் பெட்டிகளில் வைத்துக் கிழக்கே கொண்டுபோனபோது, சென்ற நூற்றாண்டின் நடுவில், அதன்மேல் தாவிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்தது ஒரு படையெடுப்பு. 1970-களில் ஐரோப்பா, 1987-இல் அமெரிக்கா, 2000-இல் நியூஸிலாந்து, 2022-இல் ஆஸ்திரேலியா. மருந்து வைக்காத பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷங்களில் காலியாயின. உலகைச் சுற்றியது ஜாவாவில் கண்ட அதே உண்ணி அல்ல, அதன் பங்காளி என்று 2000-இல் கண்டுபிடித்து, அதற்கு 'அழிப்பவன்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள்.

ஆனால் எங்கள் மல்லசமுத்திரத்தில் அதை யாரும் அழிப்பவன் என்று அழைக்கவில்லை. சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், விசைத்தறிச் சத்தத்துக்கும் மானாவாரிக் காட்டுக்கும் இடையில் இருக்கிற ஊர் எங்களுடையது. என் பெரியப்பா மகன் தன் தோட்டத்துப் புளியமரத்தடியில் நாலு பெட்டி வைத்திருக்கிறார். பொந்திலிருந்து பிடித்த தேனீக்கள். முருங்கையும் தென்னையும் புங்கனும் பூக்கிற காலத்தில் அவை நன்றாகவே இருக்கும். கோடையில் பூ இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு பெட்டியை விட்டே போய்விடும்.

"உண்ணிக்கு என்ன மருந்து வைக்கிறீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"மருந்தா? இத்தனை வருஷத்துல ஒரு பைசா மருந்து வாங்கினதில்ல தம்பி. அதுகளே பாத்துக்கும்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்கின்றன என்பதை ஒரு சட்டத்தை வெளியே எடுத்துக் காட்டினார். ஆண் தேனீக்கள் வளரும் அறைகளின் மூடி கூம்பாகப் புடைத்திருந்தது. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசியால் குத்தினாற்போல் ஒரு துளை. மேல்நாட்டுத் தேனீயிடம் இந்தத் துளை கிடையாது. அந்த மூடி கெட்டியானது. உள்ளே உண்ணிகள் அதிகமாகப் பெருகி ஆண் தேனீ நலிந்துவிட்டால், அதனால் மூடியை முட்டித் திறக்க முடியாது. வெளியே இருக்கும் சகோதரிகளும் திறந்துவிடுவதில்லை. பிள்ளையும் உண்ணியும் அந்த அறையிலேயே சமாதி ஆகிவிடுகின்றன.

வேலைக்காரத் தேனீயின் அறையில் நடப்பது இதைவிட விசித்திரம். உண்ணி கடித்தால் நம் தேனீயின் புழு சட்டென்று செத்துப்போகிறது. புழு சாவதால் உண்ணிக்கு அங்கே வம்சம் பெருக்க வழியில்லாமல் போகிறது. செத்ததை மற்றத் தேனீக்கள் மோப்பம் பிடித்து, மூடியைப் பிரித்து, இழுத்து வெளியே எறிந்துவிடுகின்றன. 2016-இல் இதை ஆராய்ந்தவர்கள், நோய் தாங்காத அந்தப் புழுவின் பலவீனமே கூட்டின் பலம் என்று எழுதினார்கள். சாகத் தெரிந்த குழந்தைதான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது! ஆகையால் நம் தேனீயிடம் உண்ணிக்குக் குட்டி போட இடம் ஆண் அறைதான். அதுவும் வருஷத்தில் சில மாதங்கள் மட்டுமே.

இவை தவிர, ஒன்றின் முதுகை மற்றொன்று தடவிப் பார்த்து உண்ணியைப் பிடித்துக் கடித்துப்போடும் வழக்கமும் உண்டு. 1987-இல் சீனாவிலிருந்து வந்த ஆராய்ச்சி, அநேகமாக எல்லா உண்ணிகளையும் இப்படியே தீர்த்துவிடுவதாகச் சொன்னது. பின்னால் சோதித்தவர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. அண்ணன் குறைப்பட்டுக்கொள்ளும் அந்த ஓடிப்போகும் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டம் கிளம்பும்போது, மூடிய அறைகளில் இருக்கும் உண்ணிகளை அப்படியே விட்டுவிட்டுத்தானே போகிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் நாட்டுச் சரக்குக்கு ஈடு இணை இல்லை என்று மார்தட்டக் கிளம்புகிறவர்கள் மார்த்தாண்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் ஏழைக் குடியானவர்களுக்குத் தேனீப் பெட்டியை அறிமுகப்படுத்திய ஊர் அது. 1991, 92-இல் தாய்லாந்துப் பை நோய் என்ற வைரஸ் நோய் வந்து, அந்தப் பக்கத்திலும் கேரளத்திலும் இதே நாட்டுத் தேனீயைப் பெட்டி பெட்டியாக வாரிக்கொண்டு போயிற்று. உண்ணியோடு வாழக் கற்றதற்குக் கணக்கற்ற தலைமுறைகள் ஆகியிருக்கின்றன. புதிய நோயோடு வாழ அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கித்தான் மறுபடி தலைதூக்கினார்கள்.

இப்போது அண்ணன் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. அவருடைய மகன் இத்தாலியத் தேனீ வாங்க வேண்டும் என்கிறான்.

"சித்தப்பா, நம்ம பெட்டியில ஏழெட்டுக் கிலோ வந்தாப் பெரிசு. அதுல இருபத்தஞ்சு, முப்பது வரும். ஓடியும் போகாது. நீங்களாச்சும் அப்பாகிட்டச் சொல்லுங்க" என்று என்னை மத்தியஸ்தத்துக்கு இழுத்தான்.

அவன் சொல்வதில் பொய் இல்லை. 1962-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் நாக்ரோட்டாவில் வேரூன்றிய அந்தத் தேனீ, வடக்கே எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய பையனிடம், ஏழு கிலோவே போதும், இயற்கையின் மகிமையைப் பார் என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவை அவன் எழுதவில்லை. பூ உள்ள ஊர்களுக்குப் பெட்டியை வண்டியேற்றிச் சுற்றவேண்டும். உண்ணிக்கு வருஷந்தோறும் மருந்து வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அமிலப் புகையோ மருந்துப் பட்டையோ, எதுவானாலும் நிறுத்தினால் ஆபத்து. மருந்திலேயே பிழைக்கும் கூட்டம், மருந்தில்லாமல் பிழைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்வதும் இல்லை.

கற்றுக்கொள்ள முடியாததல்ல. ஸ்வீடன் நாட்டு காட்லாந்துத் தீவில் 1999-இல் 150 கூட்டங்களை மருந்தே இல்லாமல் விட்டுவிட்டார்கள். பெரும்பாலானவை மடிந்தன. மிஞ்சிய சிலவற்றின் சந்ததி உண்ணியோடு இன்றும் வாழ்கிறது. நியூயார்க் மாகாணத்து ஆர்னாட் காட்டிலும் மரப்பொந்துகளில் அப்படியே பிழைத்த கூட்டங்களை டாமஸ் ஸீலி என்பவர் கண்டார். ஆனால் அந்தப் பாடத்துக்குக் கட்டணம் கூட்டங்களின் உயிர். வங்கிக் கடனில் பெட்டி வாங்கினவன் அந்தக் கட்டணத்தை எப்படிக் கட்டுவான்? நம் தேனீயோ, யாருக்கும் தெரியாத காலத்தில் அதைக் கட்டி முடித்து ரசீதோடு நம் புளியமரத்தடிக்கு வந்திருக்கிறது.

ஆகையால் என் தீர்ப்பு இதுதான்: இத்தாலியப் பெட்டி வரட்டும், நாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வரவேண்டாம். அண்ணன் தலையை ஆட்டினார். சம்மதமா, மறுப்பா என்று தெரியவில்லை. அந்த வாரம் கூட்டம் பிரிக்கவேண்டியிருந்தது. எந்தப் பெட்டியிலிருந்து பிரிப்பது என்பதில் அப்பனுக்கும் மகனுக்கும் மறுபடி தகராறு. மகன், தேன் அதிகம் கொடுத்த பெட்டியைக் காட்டினான். அண்ணன் மூலையில் இருந்த, அழுக்கேறிய பெட்டியின்மேல் கையை வைத்தார்.

"அதுல தேன் கம்மிங்களேப்பா!"

"கம்மிதான். ஆனா ஆறு வருஷமா இங்கயே இருக்குது பாரு" என்றார் அண்ணன்.