முட்கம்பிக்குள் பிறந்த கட்டில்

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இப்பழமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றேன். ஆயினும் அதன் முழுப்பொருளை நான் உணர்ந்தது சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், இலண்டன் மாநகரில் எனது தமக்கையாரின் இல்லத்தில் தங்கியிருந்த நாட்களிலேதான்.

தமக்கையார் அங்குக் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நான் செல்வதற்கு ஈராண்டுகளின் முன்னர், ஒரு மாரிகாலக் காலையில், உறைபனி படிந்த வாயிற்படியில் வழுக்கி வீழ்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆயின் முதுகின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்ட நோவு அவரை விட்டு அகலவேயில்லை. அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் அமர்ந்திருக்க இயலாது. தரையில் அமர்ந்தால் எழுவதற்கு இருவர் கைகொடுத்தல் வேண்டும். இந்நிலையில் பதினொரு மணி நேரம் விமானத்தில் அமர்ந்து தாய்நாடு வருவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்தில் எண்பத்துநான்கு வயதான எங்கள் அன்னையாரோ, தொலைபேசி மணி ஒலிக்குந்தோறும், "பிள்ளை எப்போது வருவாள்?" என்ற ஒரே கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தார். ஈற்றில், "நீ போய்ப் பார்த்து வா" என்று என்னை அனுப்பிவைத்தார்.

நான் எதிர்பார்த்ததிலும் தமக்கையார் நலமாயிருந்தார். வாரம் இருமுறை 'பிலாட்டிஸ்' பயிற்சிக்குச் செல்வதாகக் கூறினார். செல்வர்களின் பொழுதுபோக்கென்று அதனை எண்ணியிருந்த நான், "அக்கா, இதுவும் ஒரு நாகரிகப் பைத்தியந்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

"பார்க்காமற் பேசாதே, தம்பி. நாளைக்கு என்னோடு வா" என்றார்.

மறுநாள் இருவருமாகச் சென்றோம். கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலேயுள்ள மாடி அது. உடற்பயிற்சிக் கூடமென்றால் இரும்புக் குண்டுகளும் முகம் பார்க்கும் கண்ணாடிகளும் இருக்குமென நினைத்து உள்ளே நுழைந்த எனக்கு, தச்சுப்பட்டறை ஒன்றையும் ஆஸ்பத்திரி விடுதி ஒன்றையும் கலந்துவைத்தாற் போன்ற காட்சியே தென்பட்டது. தாழ்ந்த கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. நான்கு மூலையிலும் கம்பம் நாட்டிய உயர்ந்த கட்டில் ஒன்று ஒருபுறம் நின்றது. பெட்டி போன்ற நாற்காலி, பாதியாய்ப் பிளந்த பீப்பா, கைக்கடக்கமான வளையம் ஆகியனவும் இருந்தன. எங்கு நோக்கினும் சுருள்வில்கள். பயில்வோருள் இளைஞர் சிலர். நரைத்த தலையினர் பலர்.

இக்கருவிகளுள் முதன்மையானது 'ரிபோர்மர்'. சீர்செய்வது என்பது அப்பெயரின் பொருள். கட்டில் போன்ற ஒரு சட்டத்தில், இரு தண்டவாளங்களின் மேல், சில்லுகளால் உருண்டோடும் மெத்தைப் பலகை ஒன்று அமைந்துள்ளது. நான்கு அல்லது ஐந்து சுருள்வில்கள் அப்பலகையைச் சட்டத்தின் ஒரு முனையோடு பிணைக்கின்றன. தோளைத் தாங்க இரு தடுப்புகள், பாதத்தால் உந்தக் குறுக்குக் கம்பி, கையிலோ காலிலோ மாட்டிக்கொள்ளக் கப்பி வழியே வரும் வார்கள் என்பனவும் உள. தமக்கையார் அதில் மல்லாந்து படுத்துப் பாதங்களால் உந்தினார். பலகை விலகிச் சென்றது. வில் அதனை வெடுக்கென்று இழுத்துவிடாதபடி அடக்கி, மெல்ல மெல்ல மீட்டுக் கொணர்ந்தார். நின்றபடி காலை மடக்கி எழுந்தால் உடலின் பாரம் முதுகையும் முழங்காலையும் அழுத்தும். படுத்திருந்து செய்யும்போது அவ்வழுத்தம் பெரிதும் குறைகின்றது, காலோ வலுப்பெறுகின்றது. நொந்த முதுகினர்க்கு இது பெரும் உதவியன்றோ?

வில்லின் தத்துவம் மாணவர்க்குப் புதிதன்று. நீளுந்தோறும் அதன் இழுவிசை கூடும் என்பது ஊக்கின் விதி. இரும்புக் குண்டின் பாரம் மாறாதது. வில்லின் விசையோ தொடக்கத்திற் சிறிதாய் இருந்து, போகப்போகப் பெரிதாய் வளர்வது. வில்லைக் கூட்டினாற் கடினம், குறைத்தால் எளிது என்றும் எப்போதும் சொல்லிவிட முடியாது. சில பயிற்சிகளில் வில்லே உடலைத் தாங்கிநிற்கின்றது. அதனைக் குறைத்துவிட்டால் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் அவ்வேலையை ஏற்றாக வேண்டும். மெலிந்தவனுக்கு ஊன்றுகோலாகவும் வலியவனுக்கு எதிரியாகவும் ஒரே வில் நிற்பதே இக்கருவிகளின் சூட்சுமம்.

கம்பம் நாட்டிய கட்டிலுக்குக் 'கடிலாக்' என்று பெயர். ஆடம்பர மோட்டார் வண்டி ஒன்றின் பெயரை அதற்கு வைத்துவிட்டனர். மேற்சட்டத்திலிருந்து வில்களும் கைபிடித் தண்டுகளும் ஊஞ்சற் கட்டையும் தொங்குகின்றன. தரையில் இறங்கிப் படுக்க இயலாத முதியோர் இதன் விளிம்பில் அமர்ந்து சாய்ந்துகொள்ளலாம். தண்டைப் பற்றிக்கொண்டால் வில் கைகொடுத்துத் தூக்க, முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக உயர்த்தி எழுந்து அமரலாம். முதல் மூன்று மாதமும் தமக்கையார் பயின்றது இதிலேதான். இடம் குறைந்த கூடங்களில் இதன் ஒரு பகுதியை மட்டும் சுவரோடு பொருத்திவிடுகின்றனர்.

நாற்காலியோ பார்வைக்குச் சிறியது, செயலிற் கடியது. இருக்கையின் முன்புறம் வில் பூட்டிய மிதிகட்டை உள்ளது. அதனைக் கையாலோ காலாலோ அழுத்தி, அடக்கி மேலே விடவேண்டும். படுக்க இடமில்லை, சாய்ந்துகொள்ளத் துணையில்லை. ஆதலால் சமநிலையைப் பயில்வோனே தேடிக்கொள்ளல் வேண்டும். மாடிப்படி ஏறுதற்கு வேண்டிய வலுவைத் தருவது இது. பீப்பா வடிவினவான கருவிகள் வளைந்த முதுகைத் தாங்கிப் பின்னே சாயவும் பக்கவாட்டில் நீளவும் உதவுகின்றன. எழுதுமேசையிற் குனிந்தே நாளைக் கழிக்கும் எம்போன்றோரின் மார்பு விரிய இது நல்லது. மாய வளையம் எனப்படுவது இருபுறமும் பிடியுள்ள நெகிழும் வளையம். தொடைகளுக்கிடையிலோ உள்ளங்கைகளுக்கிடையிலோ வைத்து அழுத்துவது. சாராயப் பீப்பாவின் இரும்புப் பட்டியிலிருந்து அது பிறந்ததென்று ஒரு கதை வழங்குகின்றது.

கட்டில், நாற்காலி, பீப்பா! எல்லாம் வீட்டிலும் தெருவிலும் காணும் பொருள்களாகவே இருக்கின்றனவே என்று வியந்து, இவற்றை ஆக்கியவர் யாரென வினவினேன். பயிற்சியாசிரியை சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். வெண்ணிறத் தலையும் அகன்ற மார்புமாக ஒரு முதியவர் நின்றார். "ஜோசப் பிலாட்டிஸ். சிறைமுகாமில் இருந்தபோதே இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது என்பார்கள். முகாம் இருந்த இடம் மான் தீவு" என்றார் அவர்.

அத்தீவைக் காணவேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று. மருமகள் பயணச்சீட்டுக்கு ஒழுங்கு செய்தாள். நான் எதிர்பாராத வகையில் தமக்கையாரும் புறப்பட்டுவிட்டார். "ஊருக்குப் போகும் பயணத்துக்கு இது ஒத்திகையாகட்டும், தம்பி. தாங்கமுடியாவிட்டால் அம்மாவுக்கு உண்மையைச் சொல்லிவிடுவோம்" என்றார். அதன்பின் நான் எதுவும் பேசவில்லை.

இலண்டனிலிருந்து புகைவண்டியில் வடக்கே லங்காஸ்டர் நகருக்குச் சென்று, அருகிலுள்ள ஹீஷம் துறையிற் கப்பலேறினோம். ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடற்பயணம். தமக்கையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்பது நிமிடம் அமர்வார். பின் எழுந்து கப்பலின் மேற்றட்டில் உலாவுவார். மீண்டும் வந்து அமர்வார். டக்ளஸ் துறையில் இறங்கியபோது முகத்திற் களைப்பு இருந்தது. எனினும் படிகளில் ஒரு கையாற் கம்பியைப் பற்றியவாறு தாமே இறங்கினார்.

மான் தீவு என்றதும் மான்கள் மலிந்த தீவென எண்ணிவிடல் வேண்டா. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஐரிஷ் கடலிற் கிடக்கும் இச்சிறு தீவின் நீளம் 52 கிலோமீற்றர் அளவே. ஆயிரம் ஆண்டுப் பழைமை பேசும் தனிப் பாராளுமன்றம் அதற்குண்டு. அங்குள்ள பூனைகளுள் ஓரினத்துக்கு வாலில்லை. கொடியிலும் நாணயத்திலும் மூன்று கால்கள் தொடையில் இணைந்த சின்னம் ஒன்றைக் காணலாம். எப்படி எறிந்தாலும் நிற்கும் என்பது அச்சின்னத்தோடு வழங்கும் வாசகத்தின் கருத்து. அதனைக் கேட்டுத் தமக்கையார் சிரித்தார்.

டக்ளசிலிருந்து பேருந்தில் மேற்குக் கரையிலுள்ள பீல் நகரையடைந்தோம். செந்நிறக் கல்லாலான பழைய கோட்டை கடலைக் காவல் காத்து நிற்கின்றது. அங்கிருந்து சிறிது தெற்கே பற்றிக் என்னும் கிராமமும், அதனையடுத்து நொக்கலோ என்னும் பண்ணையும் உள்ளன. பசும்புல் மேடுகளில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவ்விடத்தில் ஒரு நகரம் இருந்ததென்றால் யாரும் நம்பார்.

முதலாம் உலகப் போர் மூண்டதும் பிரித்தானியாவில் வாழ்ந்த ஜேர்மனியரும் ஒஸ்திரியரும் துருக்கியரும் பகைநாட்டினர் எனப் பிடிக்கப்பட்டனர். போர்வீரரல்லர், சமையற்காரர், முடிதிருத்துவோர், கப்பலோட்டிகள், வணிகர் முதலானோர். 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நொக்கலோ முகாம் திறக்கப்பட்டது. ஐயாயிரம் பேருக்கென வகுக்கப்பட்ட அம்முகாமில் ஈற்றில் இருபத்துமூவாயிரம் பேருக்கு மேல் அடைபட்டனர். மரக் குடிசைகளைச் சுற்றி முட்கம்பி வேலி. முட்கம்பி என்பது எம்மவர்க்கு விளக்கம் வேண்டாத சொல். தமக்கையாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடைபட்டோரை வாட்டியது வேலையின்மையே. நாளும் கிழமையும் மறந்து, நினைவு மங்கி, சிறு சொல்லுக்கும் சினந்து மனமுடைந்தோர் பலர். இதனை முட்கம்பி நோய் என்றே பெயரிட்டு, சுவிஸ் மருத்துவரான அடோல்ஃப் விஷர் 1918ஆம் ஆண்டில் நூலெழுதினார். மரவேலை, நாடகம், பாடவகுப்பு எனப் பலவற்றாற் கைதிகள் தம்மைக் காத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரே பிலாட்டிஸ். 1883இல் ஜேர்மனியின் மொன்சென்கிளாட்பாக் நகரிற் பிறந்தவர். மூச்சிழுப்பும் எலும்பு மென்மை நோயும் வாட்டிய தம் இளமையை உடற்பயிற்சியால் வென்றதாகச் சொன்னவர். நொக்கலோவில் உடன்வாழ் கைதிகளுக்கும் பயிற்சியளித்தார். பூனைகள் உடலை நீட்டி நெளிப்பதைக் கூர்ந்து நோக்கினார் என்றும், எழ முடியாத நோயாளரின் கட்டிலில் மெத்தை வில்களைப் பூட்டி, படுத்தபடியே கைகால்களை இயக்கச் செய்தார் என்றும் கூறுவர். ரிபோர்மரும் கடிலாக்கும் இன்றும் கட்டில் வடிவிலேயே இருப்பதைக் கண்ட எனக்கு, அக்கதை பொருந்தாததாய்த் தோன்றவில்லை. உடைமை, தொழில், உரிமை யாவும் பறிக்கப்பட்டவனுக்கு எஞ்சிய ஒரே காணி அவனுடைய உடம்பு. அதனைத் தரிசாக விட்டுவிட அம்மனிதர் உடன்படவில்லை.

முகாம் 1919இல் மூடப்பட்டது. கிராமத்தின் பழைய பள்ளி மண்டபத்தில் அதன் நினைவு நிலையம் இயங்குகின்றது. எதிரேயுள்ள தேவாலய முற்றத்தில், சிறையில் மாண்டோர் சிலரின் கல்லறைகள் இன்றும் உள்ளன. பிலாட்டிஸ் 1926இல் நியூயோர்க் சென்று எட்டாம் அவெனியூவிற் பயிற்சிக்கூடம் அமைத்தார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரை நாடினர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கொன்ட்ரோலஜி'. கட்டுப்பாட்டுக் கலை எனலாம். 1945இல் வெளிவந்த அவரது நூலில் உள்ளவை 34 பயிற்சிகள். அவற்றுக்கு வேண்டிய கருவி தரையில் விரிக்கும் ஒரு பாய் மட்டுமே. 1967இல், 83ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் பெயரை ஒரு வணிகக் குறியாக யாரும் தமதாக்க முடியாதென 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின்னரே அது உலகெங்கும் வேகமாய்ப் பரவியது.

வாசகர்க்கு ஒரு சொல். இக்கருவிகளைச் சர்வரோக நிவாரணி எனக் கருதவேண்டா. கீழ்முதுகு நோவுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாதிருப்பதினும் பிலாட்டிஸ் மேலானது. ஆயின் பிற உடற்பயிற்சிகளிலும் சிறந்ததென்பதற்கு உறுதியான சான்றில்லை. 2015இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிபு இதுவே. எலும்பு தேய்ந்தோர் முன்னே குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் சத்திரசிகிச்சை பெற்றோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்கல் வேண்டும். வில்லின் விசை பொல்லாதது, ஆசானின்றித் தொடலாகாது. வசதியில்லாதோர் வருந்தவும் வேண்டா. பாயிலே தொடங்கலாம், கட்டிலும் நாற்காலியும் பாயில் இயலாதவர்க்குத் துணை.

தமக்கையார் இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு ஊர் வந்தார். விமானத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடந்ததாகச் சொன்னார். பொங்கலன்று முற்றத்தில் பாய் விரித்து, அன்னையாருக்குப் பக்கத்திலே சம்மணமிட்டு அமர்ந்து உண்டார். உண்டு முடிந்ததும் கைகொடுக்க விரைந்தேன். "வேண்டாம், தம்பி" என்று தடுத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல எழுந்து நின்றார்.

இதனைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னையார் தமது கையை உயர்த்தி, "அப்படியானால் என்னையும் தூக்கிவிடு, பிள்ளை" என்றார்.