அப்பா போட்ட பொத்தான்

இன்று காலை அப்பா சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வலது கையால். முழுசாக நாலு நிமிஷம் ஆனது. உதவப் போன அம்மாவை நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள்; அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று கையில் கிடைத்தது மாத்திரைச் சீட்டு மட்டும்தான். எப்படித் தூக்கி உட்கார வைப்பது, புரையேறாமல் எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். அதில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவார்கள் என்பது, தெருவில் பிரஷர் பார்க்க வந்த அக்கா சொல்லித்தான் தெரியும். சிகிச்சைக்கு வந்த பெண், தட்டில் துவரம்பருப்பைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார். அப்பா அழுதார். பிறகு பொறுக்கினார். தினமும் பொறுக்கினார்.

வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால் விதி என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். யாருக்காவது திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.