ஜீனோவுக்காக ஒரு காத்திருப்பு

சுஜாதாவின் வாசகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் ஜீனோவிடம் வந்து நிற்கும். 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் சென்னைத் தொலைக்காட்சியில் நாடகமாகவும் ஒளிபரப்பாயிற்று. நாவலைப் புதிய வாசகர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். என் காத்திருப்பு அந்த நாடகத்துக்கானது.

சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் அன்று தொலைக்காட்சி பார்ப்பதற்கு மொட்டை மாடியில் ஓர் ஆள் வேண்டும். ஆன்டெனாவை வடகிழக்கே திருப்பிப் பிடித்திருக்க, கீழிருந்து "போதும், போதும்" என்று குரல் வரும். எதிர்காலம் எங்களுக்குப் புள்ளிகள் நிறைந்த படமாகத்தான் வந்து சேர்ந்தது.

அந்த எதிர்காலத்தின் தேதிதான் என் காத்திருப்பை விசித்திரமாக்குகிறது. கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள். குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். அங்கே ஓர் இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, பேசுகிறது, மெல்லத் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. அன்று அதை வியந்து பார்த்தோம். இன்று கைப்பேசியிலிருக்கும் இயந்திரத்திடம் பேசிவிட்டுத் தூங்கப் போகிறோம். நாடகம் காட்டிய ஆண்டுகள் நம்மைக் கடந்து போய்விட்டன; நாடகம்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

இத்தகைய காத்திருப்பு உலகத்துக்குப் புதிதன்று. 1963இல் தொடங்கி 1989இல் நின்றுபோன 'டாக்டர் ஹூ' தொடரை அதன் ரசிகர்கள் விடாமல் நினைவில் வைத்திருந்தார்கள். 2005இல் அது புதிய தொடராகத் திரும்பியது. அதில் வரும் கே-9 என்ற இயந்திர நாயும் அடுத்த ஆண்டே தலைகாட்டியது. ஆனால், என்னை அதிகம் நெகிழ வைப்பது வேறொரு செய்தி. பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்துவிட்டிருந்ததால் அத்தொடரின் தொடக்க கால அத்தியாயங்கள் பல தொலைந்துபோயின. அவற்றுள் ஒன்பது, நைஜீரியாவின் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டதாக 2013இல் அறிவித்தார்கள். புதிதாக எடுத்ததைக் கொண்டாடியவர்களே இந்தக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களையும் கொண்டாடினார்கள்.

"ஜீனோவைப் புதிதாகவே எடுக்கலாமே, இன்றைய வரைகலையில் எவ்வளவு அழகாக வரும்!" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அது இன்றைய மனிதர்கள் இன்றைய அச்சங்களோடு எடுக்கும் படமாக இருக்கும். எனக்கு வேண்டியது, கணினியை நேரில் கண்டவர்களே அரிதாக இருந்த காலத்தில், தமிழில் ஓர் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்து நடித்தார்கள் என்பதன் பதிவு.

எங்கள் பக்கத்து மாமல்லபுரத்தில் 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரை மணலை அரித்துக்கொண்டு போனபின், செதுக்கப்பட்ட பாறைகள் வெளிப்பட்டன. தொடர்ந்து தொல்லியல் துறையினர் அகழ்ந்து பழைய கோயிலொன்றின் அடித்தளத்தையும் கண்டார்கள். உப்புக்காற்றும் அலையும் தேய்த்த சிற்பங்களை யாரும் மறுபடி செதுக்கச் சொல்லவில்லை. தேய்ந்த கோலத்திலேயே போய்ப் பார்த்தோம். பழைய நாடாவிலிருக்கும் புள்ளிகளும் கோடுகளும் எனக்கு அப்படித்தான். சுஜாதா 2008இல் மறைந்துவிட்டார். அவர் காலத்தவர் நடித்துக் காட்டிய ஜீனோவை மறுபடி செய்ய முடியாது, கண்டெடுக்கத்தான் முடியும்.

கண்டெடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என் மகள் இருக்கிறாள். நாவலைப் படித்து முடித்ததும் அவள் முதலில் செய்தது, தன் பெயரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. ஐந்தெழுத்து. "ஜீவா ஆட்சியில் எனக்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள், அப்பா?" என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.