காயலாங்கடையில் ஒரு முற்பகல்

ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகழ்ந்து ஒதுக்க வேண்டியிருக்கிற நெய்வேலியில், வேண்டியதையும் வேண்டாததையும் வேறு பிரிக்கும் காரியமே ஊரின் ஜீவாதாரம் என்று சொன்னால் மிகையாகாது. 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் பிறந்து, 1957 மே மாதத்தில் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்ட நாள் தொட்டு, பக்கெட் வீல் யந்திரங்கள் இரவு பகலாக அந்தக் காரியத்தைச் செய்துவருகின்றன. எரித்த பின் எஞ்சும் சாம்பலும் வீணாவதில்லை. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. நிலக்கரித் தூளைக் கட்டிகளாக்கிச் சுட்டு, ‘லெக்கோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புகளுக்கு விற்ற காலத்தை முதியோர் இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அத்தகைய ஊரில், அதே பிரிக்கும் தொழிலை யந்திரத்தின் துணையின்றி இரண்டு கைகளால் மட்டும் செய்கிறவர்களைக் காண விரும்பி, மந்தாரக்குப்பத்தில் உள்ள ஒரு காயலாங்கடைக்கு ஒரு முற்பகலில் போயிருந்தேன்.

கடையின் முன்புறம் தராசும் பழைய சைக்கிள்களும் அட்டைக் கட்டுகளும் நிறைந்திருந்தன. தொழில் நடப்பது பின்கட்டில். தகரக் கூரையின் கீழ், நாலாபுறமும் சாக்குகளை வாய் திறந்து வைத்துக்கொண்டு, மணையில் அமர்ந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர், தலை நிமிராமலேயே பொருள்களை எடுத்து எடுத்து எறிந்துகொண்டிருந்தார். எறிந்தது ஒவ்வொன்றும் அதனதன் சாக்கில் பிசகாமல் விழுந்தது.

“எதைப் பார்த்துப் பிரிக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன்.

“பாக்கறது எங்கங்க ஐயா, கைக்கே தெரிஞ்சுரும். கசக்குனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போடும்” என்று சொல்லிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றினார். கழுத்தில் ஒட்டியிருந்த வளையத்தைச் சிறிய கத்தியால் நெம்பி எடுத்தார். பாட்டிலின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கி, மூடியையும் அதையும் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் போட்டார். துண்டு அடியில் போய்ப் படிந்தது, மூடி மிதந்தது.

“பாத்தீங்களா, ரெண்டும் வேற வேற சரக்கு. ஒண்ணா உருக்குனா ரெண்டும் கெட்டுரும்.”

பெட் எனப்படும் பாட்டில் பிளாஸ்டிக் நீரைவிடக் கனமானது. மூடிக்குரிய பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட இலேசானவை. பெரிய மறுசுழற்சி ஆலைகளில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் நிரப்பி இந்தக் குணபேதத்தைக் கொண்டுதான் பிரிக்கிறார்கள். ரசாயன சாஸ்திரத்தின் அந்தப் பாடத்தை ஒரு பள்ளிக்கூடத்து வாசலையும் மிதித்தறியாத இந்த அம்மாள், தம் விரல்களின் அநுபவத்தால் கற்று வைத்திருக்கிறார். இதை வெறும் கூலி வேலை என்று ஒதுக்குவது நியாயமன்று; இது ஒரு தேர்ந்த வித்தை.

உலோகப் பகுதியை ஓர் இளைஞர் கவனித்துக்கொண்டிருந்தார். கயிற்றில் கட்டிய காந்தத்தை ஓட்டி இரும்பைத் தனியாக்கினார். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, உள்நிறத்தைக் கொண்டு பித்தளையையும் செம்பையும் பகுத்தார். நசுங்கிய அலுமினியக் குண்டான் ஒன்று தனிச் சாக்குக்குப் போயிற்று. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் உபயோகிப்பதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். மின்சாரத்துக்காகப் பூமியையே புரட்டிப்போடும் ஊரில், அந்தக் குண்டானுக்குள் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சாமர்த்தியமும் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. புதிதாக வந்த மூட்டை ஒன்றை அந்த அம்மாள் அவிழ்த்தபோது, புளித்த சாம்பாரின் நாற்றம் பின்கட்டு முழுவதும் பரவிற்று. நோட்டுக் காகிதமும் அட்டையும் பால் உறைகளும் ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உலர்ந்து வந்திருந்தால் விலை போயிருக்கக்கூடிய காகிதத்தை அவர் அள்ளிக் குப்பையில் போட்டார். பிறகு தம் வலக்கை ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்தடியிலிருந்து இரண்டாம் கணு வரையில் ஒரு தழும்பு.

“சோத்துக்குள்ள பிளேடு கெடந்துச்சுங்க. யாரைப் போயி கேக்கறது?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம். பிரிக்கும் தொழிலின் முதல் கட்டம் காயலாங்கடையில் அன்று, நம் அடுக்களையில் நடக்கிறது. அங்கே கலந்துவிட்டதை எந்தக் கைத்திறனாலும் முழுமையாக மீட்க முடிவதில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமான குப்பை என்று மூன்றாக வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் விதித்திருந்ததன் தாத்பரியமும் இதுவே.

நம் தேசத்து வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது மக்கக்கூடியது. குவார்ட்டர்ஸ் வீடுகளைச் சுற்றித் தோட்டமும் மரங்களும் உள்ள நெய்வேலியில், அதனை வாசல் தாண்டி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் தோலும் சடையுமாக வீட்டுக்கு வீடு சேர்வதைத் துண்டாக்கிக் குழியிலிட்டு, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சருகை அதன்மேல் பரப்பி, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால், சில தினங்களுக்குள் குவியல் கை பொறுக்காத சூடு ஏறும். நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே பிரத்தியட்ச அடையாளம். சருகு குறைந்தால் நாறும். ஈரம் குறைந்தால் மக்காது. இவ்விரண்டையும் கவனித்துக்கொண்டால் சில மாதங்களில் செடிகளுக்கு எரு கிடைக்கும். அதே பொருளைக் காற்றுப் புகாத குப்பை மேட்டில் புதைத்தால் மீத்தேன் வாயுவாகிறது.

ஆகவே வாசகர்களை நான் வேண்டுவது இவ்வளவே. ஈரமும் உலர்ந்ததும் ஒரே கூடையில் விழ விடாதீர்கள். பால் உறையின் மூலையை அறவே வெட்டி எறியாமல், உறையோடு ஒட்டியிருக்கும்படி கத்தரித்து, கழுவி உலர்த்திச் சேர்த்து வையுங்கள். பிளேடையும் உடைந்த கண்ணாடியையும் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதித் தனியே கொடுங்கள். உபயோகித்த நாப்கினையும் பேட்டரியையும் மற்றவற்றோடு கலக்காதீர்கள். நாம் கட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு மூட்டையையும் வெறுங்கையால் அவிழ்க்கும் ஒருவர் இருக்கிறார்.