ஒரு மடை, இருபத்தேழு பாத்தி

திண்டிவனம் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து இரும்பைக்குள் நுழைந்தபோது காலை ஒன்பது மணி. பங்குனி வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து மாகாளேஸ்வரரைப் பார்க்காமல் போவதா? சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாடியதில் லிங்கம் வெடித்ததாக ஊரில் சொல்வார்கள். செப்புத் தகடு சுற்றிய லிங்கத்துக்குத்தான் இன்றும் பூஜை. கும்பிட்டுவிட்டு, நான் தேடி வந்த கட்டடத்துக்கு நடந்தேன்.

உப்பும் மளிகையும் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் அது. கிடங்கு இங்கே, உப்பு எடுப்பது வடக்கே மரக்காணத்தில். அலுவலகத்தில் 9 கம்ப்யூட்டர், களத்திலும் வண்டிகளிலும் 18 டேப், ஆக மொத்தம் 27. இத்தனையையும் கவனித்துக்கொள்ளும் நிர்வாகி ஒரே ஒரு பெண். பக்கத்து ஊர்க்காரர், கணினி அறிவியல் படித்தவர்.

"வாங்க சார். ஏசி எதிர்பார்க்காதீங்க, ஃபேன்தான்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

எடை பதிவு, லாரி அனுப்பும் சீட்டு, வருகைப் பதிவு, கடை ஆர்டர் என்று இங்கே நாலு வேலை. நாலுமே வெப் ஆப். பிரவுசரில் திறக்கிற இணையதளம்தான். ஆனால் திரையில் தனி ஐகானோடு உட்கார்ந்து, தனி ஜன்னலில் திறந்து, சிக்னல் இல்லாதபோதும் ஓரளவு வேலை செய்யும். 2015இல் 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்று பெயர் வைத்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமானால் சர்வரில் சேர்த்தால் போதும். டேப் டேப்பாக அப்டேட் போட வேண்டியதில்லை.

"அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" என்றேன்.

"அந்த ஐகானை 27 இடத்துலயும் உட்கார வைக்கணும். யாரும் தெரியாம எடுத்துடாமப் பார்த்துக்கணும். வேண்டாம்னா ஒரே நேரத்துல எடுக்கணும். அதுதான் சார் வேலை."

கம்ப்யூட்டர்களில் இதைச் செய்ய குரோம் பிரவுசரில் ஒரு பாலிசி இருக்கிறது. 'வெப் ஆப் இன்ஸ்டால் ஃபோர்ஸ் லிஸ்ட்' என்று பெயர். அட்மின் கன்சோலைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ஆப்புக்கும் நாலைந்து வரி: முகவரி, தனி ஜன்னலில் திறக்கவா பிரவுசர் தாவலிலா, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வேண்டுமா, என்ன பெயர். சேமித்தால் அந்தந்தக் கம்ப்யூட்டர் அடுத்த முறை வந்து கேட்கும்போது எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவரிடம் எதையும் கேட்காது. அவரால் நீக்கவும் முடியாது. பட்டியலிலிருந்து எடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்தும் போய்விடும். வந்து சேர்ந்ததா என்று பார்க்க குரோமிலேயே பாலிசி பக்கம் ஒன்று உண்டு. 'பாலிசி வேலை செய்யவில்லை' என்று யார் போன் செய்தாலும் முதலில் அதைத்தான் திறக்கச் சொல்வாராம்.

இந்த மாதிரி மேலாண்மைக் கருவிகளுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு இதையே தொழிலாக வைத்து உலகம் முழுக்க விற்கிறது. 2023இல் 'உலா' என்று சொந்த பிரவுசரும் கொண்டுவந்தார்கள்.

மேஜையில் பிரிக்காத டேப் ஒன்று இருந்தது. "நீங்களே போடுங்க சார்" என்று நீட்டினார். ஆன் செய்ததும் வரவேற்புத் திரை வந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கப் போன என் விரலைத் தடுத்து, "அங்க வேண்டாம். சும்மா இருக்கிற இடத்துல ஆறு தடவை தட்டுங்க" என்றார். தட்டினேன், கேமரா விழித்துக்கொண்டது. அவருடைய திரையிலிருந்த க்யூஆர் கோடைக் காட்டினேன். வைஃபை கேட்டது, கொடுத்தோம். 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது' என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வந்து போனது. டீ குடித்து முடிப்பதற்குள் நாலு ஐகானும் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. யூடியூப் இல்லை, விளையாட்டு இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, அந்த மழையில் இவர்களுடைய டேப் மூன்று ஊறிப்போய்விட்டன. கரண்ட் வந்த பிறகு புது டேப் வாங்கி வந்து, இதே ஆறு தட்டு, இதே கோடு. "டேப் போச்சே தவிர வேலை போகலை" என்றார். பட்டியல் ஒரு இடத்தில் இருப்பதன் லாபம் அது.

நஷ்டம்? நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார். போன வருஷம் சர்வரை மாற்றினார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பட்டியலில் பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். ஒரு எழுத்து விட்டுப்போனது. காலையில் 27 திரையிலும் எடை ஆப் வெள்ளையாகத் திறந்தது. லாரி வரிசையில் நிற்கிறது. போன் மேல் போன்.

"எழுத்தைத் திருத்த ஒரு நிமிஷம்தான் சார். ஆனா முந்தின நாள் சிக்னல் இல்லாம டேப்லயே தங்கின எடையெல்லாம் காணோம்னு அழுகையே வந்துடுச்சு."

எடை எங்கும் போகவில்லை. வெப் ஆப் தன் சாதனத்தில் சேமித்து வைப்பதெல்லாம் அது எந்த முகவரியிலிருந்து வந்ததோ அந்த முகவரியின் கணக்கில்தான் இருக்கும். முகவரி மாறினால் பிரவுசருக்கு அது வேறு ஆப். பழைய பெட்டியைத் திறக்காது. பழைய முகவரியை மறுபடி பட்டியலில் ஏற்றி, தங்கியிருந்த எடையெல்லாம் சர்வருக்குப் போன பிறகே அதை இறக்கினார்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, இப்போது எப்படிச் செய்கிறார்? "மதியம் அளத்துக்கு வண்டி போகுது. வந்து பாருங்க" என்றார்.

மரக்காணத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நாலாபக்கமும் வெள்ளை. பாத்திகளின் ஓரத்தில் பெண்கள் தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளைக்கு அறுபது வயது இருக்கும். தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக நின்று காய்ந்து வருவதைக் காட்டினார். அதன் உப்புச் செறிவு 25 டிகிரி தொட்டால்தான் உப்புப் பூக்கும்.

"டிகிரி பார்க்காம மடையைத் திறந்துட்டா அத்தனை பாத்தியும் கெட்டுச்சு. முதல்ல ஒண்ணுல விட்டுப் பார்ப்போம்."

நிர்வாகியைப் பார்த்தேன். சிரித்தார். "ஐயாதான் சார் என் முதல் பாத்தி."

எடை ஆப்பின் புதிய பதிப்பு புது முகவரியில் தயார். டேப்களுக்கு ஆப் போவது நிறுவனங்களுக்கான கூகுள் பிளே வழியாக; அதில் புதிய வெப் ஆப்பைக் காலையில்தான் உருவாக்கி, 'சோதனை' என்ற குழுவுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தார். அந்தக் குழுவில் இருப்பது ஒரே டேப், கணக்குப்பிள்ளையுடையது. பழைய ஆப் பக்கத்திலேயே இருக்கிறது. இவர் ஒரு வாரம் ஓட்டிச் சரி என்றால் மற்ற சாதனங்களுக்கு. எல்லாவற்றிலும் பழைய பதிவுகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழையதை எடுப்பது.

கணக்குப்பிள்ளையின் சொந்த போனும் பையில் இருந்தது. "இதுலயும் போட்டுடுவீங்களாம்மா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். "உங்க போன்ல நான் கை வைக்க மாட்டேன் ஐயா" என்றார் நிர்வாகி. என்னிடம் விளக்கினார்: சொந்த போனில் அலுவலக வேலை வேண்டுமானால் 'வொர்க் புரொஃபைல்' என்று தனி அறை கட்டித் தருவதுதான் முறை. அங்கிருக்கும் ஐகானில் சின்னதாக ஒரு கைப்பெட்டிப் படம் இருக்கும். நிறுவனம் அந்த அறையை மட்டும்தான் காலி செய்ய முடியும்; பேரக்குழந்தையின் போட்டோ வெளியே பத்திரமாக இருக்கும். நிறுவன டேப் அப்படியல்ல. தொலைந்தால் முழுவதையும் இங்கிருந்தே அழித்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கூடாரம்போலப் போர்த்திக்கொண்டு டேப்பைப் பார்த்தார். அந்த வெயிலில் வேறு வழியில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, பழசு எது, புதுசு எது? ரெண்டுலயும் 'உப்பு எடை ப'ன்னுதான் இருக்கு. மிச்சத்தைக் காணோம்."

நானும் துண்டுக்குள் தலையை விட்டேன். ஐகானுக்கு அடியில் இடம் போதாமல் 'உப்பு எடை பதிவு', 'உப்பு எடை பதிவு புதியது' இரண்டுமே ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு நின்றன. இரும்பையில், ஃபேனுக்குக் கீழே, பெரிய திரையில் இரண்டும் முழுசாகத்தான் தெரிந்தன.

நிர்வாகி வரப்பிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். புதியதன் தலைப்பை அழித்துவிட்டு 'புது எடை' என்று அடித்தார்.

"வர பத்து நிமிஷம் ஆகும் ஐயா."

"ஆகட்டும். ஒரு டேப்தானே" என்று துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, அடுத்த பாத்தியின் டிகிரி பார்க்கப் போனார் கணக்குப்பிள்ளை.